மணியக்காரர் வீட்டுக் காய்ந்த வாசல்

எல் ரிங்கோன்
மே 28

அன்பு மகள் மார்செலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிட ஒரு சுற்று கூடுதல் சுகம், நாய்க்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது, ஆனால் அதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உன் அம்மா பேசுவதில் பாதி அதற்குக் கேட்பதில்லை, கொடுத்துவைத்த நாய். அங்கே நீ நனையாமல், இருமாமல், கரடி கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். கரடிக்குத் தனியாக ஒன்று. இந்த வீட்டில் சுகமில்லாமல் படுத்துக் கிடந்தது என் மானம் ஒன்றுதான், அதுவும் போன வாரத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறது. அது படுத்ததற்குக் காரணம் நீ. போனில் திட்டலாம் என்றால் நீ வேலைக்குப் போயிருக்கிற அந்தக் கரடித் தீவில் சிக்னல் இல்லை, அதனால் உட்கார்ந்து கடிதமாகத் திட்டுகிறேன், பொறுமையாகப் படி, நடுவில் விட்டுவிட்டுப் பூ எத்தனை பூத்தது என்று கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

நீ போன வருடம் ஊருக்கு வந்து, பதினெட்டு வருடம் நான் பிள்ளை மாதிரி வளர்த்த புல்தரையை இரண்டே நாளில் பெயர்த்து எறிந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு லாரி சரளையைக் கொண்டுவந்து கொட்டினாய். அப்போதும் சொல்லவில்லை, உன் அம்மாதான் சொன்னாள், அது உனக்கு ஞாபகம் இருக்கும். அதில் இருபத்து மூன்று நாற்று நட்டு, கோடை முழுக்க நீயே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, பனிக்காலம் தொடங்கியதும் பெட்டியைக் கட்டிவிட்டாய். போகும்போது குளிர்பெட்டிக் கதவில் இரண்டு பக்கத்துக்கு ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாய் பார், அந்தக் காகிதத்தால்தான் எல்லாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் பிடித்தாயிற்று. எரு போடாதீர்கள், கொழுத்துப்போய்ச் சாய்ந்துவிடும். காய்ந்த தண்டை வெட்டாதீர்கள், அதற்குள் தேனீ தூங்கும். மஞ்சள் பட்டை போட்ட குளவி வந்தால் அடிக்காதீர்கள், அது இந்தப் பூவின் மகரந்தத்தை வைத்துத்தான் குஞ்சு வளர்க்கிறது, மனிதரைக் கொட்டாது. செய்ய வேண்டியது என்று அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரியாவது உண்டா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினேன். இல்லை. ஒரு மனிதனை அழைத்து, இந்தா இருபத்து மூன்று உயிர், இவற்றுக்கு நீ எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும் என்று ஒப்படைத்துவிட்டுப் போவதற்கு உனக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.

அதுவும் யாரிடம்? பதினோரு வருடமாக இந்த வாய்க்காலுக்கு மணியக்காரனாக இருக்கிற என்னிடம். விடிந்தால் மதகைத் திறப்பதும், யார் முறை, எத்தனை மணி நேரம் என்று பார்த்துத் தண்ணீரைத் திருப்புவதும், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரை மேல் நடப்பதும் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? காய்ந்த இடத்தைப் பார்த்தால் என் கை தானாக மண்வெட்டியைத் தேடும். பல் வைத்தியரிடம் சொத்தைப் பல்லைக் கொடுத்து, தொடாமல் வைத்திருங்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. அந்தச் செடியை நீ பென்ஸ்டிமன் என்கிறாய், நம் ஊரில் அதற்குக் குடுவைப்பூ என்று பெயர். பெயரைப் பார், குடுவை. தண்ணீர் மட்டும் ஆகாதாம்.

சரி, மகள் சொல்லிவிட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மார்ச் மாதம் எல்லாரும் சேர்ந்து வாய்க்கால் தூர் வாரி, ஏப்ரலில் தண்ணீர் விட்டாயிற்று. மலையில் இந்த வருடம் பனி சரியில்லை, வழுக்கைத் தலையில் ஓரமாக மிஞ்சின நரை மாதிரி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் வாய்க்காலில் பாதித் தண்ணீர்தான். பின்பக்கத்துத் தோட்டத்துக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் போக, வாசல் புல்லுக்குப் பாய்ந்த பங்கு நமக்கு மிச்சம். எடுக்காத தண்ணீர் கீழ் மடைக்குப் போகும், அது முறை. நமக்குக் கீழ் மடை யார்? உன் புரொகோபியோ சித்தப்பா. என் பெரியப்பா மகன் என்றுதான் பெயர், பிறந்ததிலிருந்து என் கையில் இருக்கிற எதுவும் தனக்கு வர வேண்டியது என்று நினைக்கிறவன், பதினோரு வருடமாக இந்த மண்வெட்டி மேல் ஒரு கண். ஆக நம் வீட்டு வாசல் தண்ணீரை அவன் மாட்டுக்குப் போட்டிருக்கிற குதிரைமசால் குடித்துக் குடித்து இடுப்பு உயரம் வளர்கிறது, அவன் அந்தக் குதிரைமசாலுக்கு நடுவில் நின்றுகொண்டு, எலோய் வீட்டுத் தண்ணி எங்க போகுதுன்னே தெரியலையே என்று ஊரைக் கேட்கிறான்.

முதலில் கேலிதான் பண்ணினான். தபால் நிலையத்தில் எல்லார் முன்னாலும், “என்ன எலோய், வாசல்ல சரளை கொட்டி வெச்சிருக்கே, ரோடு போடப் போறியா?” என்று கேட்டான். நானும் சிரித்தேன், மணியக்காரன் சிரித்துத்தான் ஆக வேண்டும். அப்புறம்தான் அந்த வெள்ளை வண்டிக்காரப் பையன் வந்தான், உன்னுடன் படித்தவனாம், நீ அனுப்பினாயாம், தேனீ எண்ணுவதற்காம். வந்தவன் உள்ளே வந்து ஒரு காபி குடித்துவிட்டு எண்ணக் கூடாதா? நேராக வாசல் சரளையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரச் சட்டம் ஒன்றை அங்கே இங்கே மாற்றி மாற்றி வைத்து, குறிப்பேட்டில் எழுதி, படம் பிடித்து, இரண்டு மணி நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் புரொகோபியோ. உனக்குத்தான் தெரியுமே, மேல் வாய்க்காலில் மூன்று பேர் தங்கள் தண்ணீர்ப் பங்கைக் கோல்ஃப் மைதானக்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனதை. அவர்கள் கதை எப்படித் தொடங்கியது? முதலில் வாசல் காய்ந்தது. பிறகு வெள்ளை வண்டியில் ஒரு ஆள் வந்து அளந்தான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, மணியக்காரனே தண்ணீரை விற்றுவிட்டான் என்று.

தேனீ எண்ண வந்தவன் என்று நான் சொன்னேன். நீயே யோசித்துப் பார், அந்த வாக்கியத்தைக் கேட்டு யார் நம்புவார்கள்? சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. மாட்டுத் தீவனக்காரன் என்னிடம் கை குலுக்கிவிட்டுத் தன் விரல்களை எண்ணிப் பார்க்கிறான். டெல்ஃபீனியா டீச்சர் மட்டும் வேறு விதம். எனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவர், இன்றைக்கும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் எனக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு மறந்துவிடும். அவர் ஊருக்கெல்லாம் என்ன சொன்னாராம், பாவம் எலோய், தண்ணி பத்தாத வருஷம்னு தன் பங்கை ஊருக்கு விட்டுக்கொடுத்துட்டு வாசலைக் காய விட்டிருக்கான், வெளிய சொல்லக் கூச்சம் என்று. ஆக ஊரில் பாதிப் பேருக்கு நான் திருடன், பாதிப் பேருக்கு நான் தியாகி. தோட்டம் போட்டிருக்கிறான் என்று நினைக்க ஒரு நாதி இல்லை.

உன் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்பாய். ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம், ஊர் பார்க்கத் தண்ணீரைத் திறந்து வாசலை நனைத்துவிடுங்கள், வாய் எல்லாம் மூடிவிடும் என்றாள். “செத்தா நாலு செடி சாகும், பேரு பொழைக்கும். மக திட்டுனா என்னைச் சொல்லுங்க” என்றாள். சான் இசித்ரோ திருவிழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மணியக்காரர் தேர்தல், இருபத்தொரு குடும்பம் கை தூக்க வேண்டும், புரொகோபியோ புதுச் சட்டை வாங்கிவிட்டான். நானும் இரண்டு தடவை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மதகு வரைக்கும் போனேன். போய், நீ காகிதத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது ஞாபகம் வந்து, மதகுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இப்போது அந்த மதகு மாதிரி சத்தமில்லாமல் திறக்கிற மதகு இந்தப் பள்ளத்தாக்கில் வேறு கிடையாது. அதுவும் பின்னால் எனக்கே வினையாக வந்தது. வாசல் படியோரத்தில் நட்டாயே ஒரு சின்னது, மற்றதெல்லாம் தண்டு விடும்போது அது மட்டும் நாலு இலையோடு சுருண்டுகொண்டு காலையில் என் முகத்தையே பார்க்கும், அதன் கதையைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது வேண்டாம்.

மே பதினைந்து, உழவுக்கும் மழைக்கும் நம் காவல் புனிதர் சான் இசித்ரோவின் திருநாள். சப்பரத்துக்கு டீச்சர் வீட்டு ஊதாப்பூக் கிளைகள், பெண்கள் செய்த காகிதப் பூக்கள் எல்லாம் கட்டி, பாதிரியார் முன்னால் நடக்க, கோவிலில் இருந்து வாய்க்கால் கரையோடு பவனி. நான் என் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தேன். ஒரு பொத்தானைத்தான் போட முடிகிறது, அதையும் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான். வண்டியைக் கோவிலிலேயே விட்டுவிட்டு எல்லாரும் நடந்துதான் போனோம், மண்வெட்டி வண்டியில். இதை மனதில் வைத்துக்கொள். தண்ணீர் குறைந்த வருடம் என்றால் புனிதரை வழியில் எங்கே இறக்கி வைப்போம் என்று உனக்குத் தெரியும், இருக்கிறதிலேயே காய்ந்த நிலத்தில், அவரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. எந்த நிலம் என்று பேச்சு வந்தது. ஒருவர் மேட்டுக் காடு என்றார், ஒருவர் ஆற்றோரம் என்றார். புரொகோபியோ அந்தப் புதுச் சட்டையோடு சப்பரத்தின் முன் கம்பைத் தோளில் தாங்கியபடியே சொன்னான், “எதுக்கு அவ்வளவு தூரம்? மணியக்காரர் வீட்டு வாசலே இருக்கே.” சிரிப்பு. பாதிரியாரும் சிரித்துவிட்டு, மேல் ஆடையைச் சரி பண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

கொண்டுவந்து வைத்தார்கள். உன் சரளைக்கு நடுவில், உன் இருபத்து மூன்று செடிக்கு நடுவில், புனிதர் தன் இரண்டு மர மாடுகளோடும் ஏரோடும் நின்றார். உள்ளபடி சொல்ல வேண்டும் என்றால், அன்றைக்கு அது அழகாகத்தான் இருந்தது. பத்தொன்பது செடி பூத்திருந்தது. சரளைக்குள் இருந்து முழங்கால் உயரத்துக்குத் தண்டு தண்டாக, ஒரு பக்கமாகவே பூவை வரிசை வைத்து, பாதிரியார் தவக்காலத்தில் போடுகிற ஊதா அங்கி நிறத்தில். குண்டுத் தேனீக்கள் வந்திருந்தன. குடுவைக்குள் தலையைக் கொடுத்து முண்டி முண்டி உள்ளே போய், பின்பக்கம் மட்டும் வெளியே தெரிய, பூவே அதன் கனத்தில் தொங்குகிறது. ஒரு குழந்தை சிரித்தது, பிறகு அதன் அம்மா. சப்பரத்துக் காகிதப் பூவை ஒரு தேனீயும் திரும்பிப் பார்க்கவில்லை, அதைச் செய்த பெண்கள் முகம் கொஞ்சம் வாடியது. அப்போது பார்த்து உன் மஞ்சள் பட்டைக் குளவி ஒன்று வந்து புனிதரின் தொப்பி விளிம்பில் உட்கார்ந்தது. புரொகோபியோ தன் தொப்பியைக் கழற்றி ஒரு வீச்சு. குளவி பறந்துவிட்டது, புனிதர் ஆடிவிட்டார். பாதிரியார் பாய்ந்து இடுப்பைப் பிடித்திருக்காவிட்டால் இந்த வருட மழை அன்றோடு போயிருக்கும். கொட்டாத குளவி அது, விடு என்று நான் சொன்னேன். “உன் வாசல்ல எல்லாமே அதிசயம்தான் எலோய், தண்ணி குடிக்காத செடி, கொட்டாத குளவி, கோல்ஃப் ஆடாத அளவுக்காரன்” என்றான். நல்ல பேச்சுதான், எனக்கு எதிராக இல்லாவிட்டால் நானே கை தட்டியிருப்பேன்.

சான் இசித்ரோ இறங்கிய வீடு சாப்பாடு போட வேண்டும். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதிலேயே சமைக்கலாம், அடுப்பே தேவையில்லை. வீட்டில் ஒரு பானை பீன்ஸ், முந்தின நாள் சோளமும் கறியும் போட்டு வைத்த போசோலே. “நாப்பது பேரு. கோட்டு போடத் தெரிஞ்ச மனுஷனுக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை” என்றாள். புரொகோபியோ அப்படிச் சொல்லப்போகிறான் என்று எனக்கு மட்டும் தேவதை வந்து சொன்னதா? ஆனாலும் உன் அம்மா உன் அம்மாதான். போசோலேயில் தண்ணீரைச் சேர்த்தாள், மிளகாய்க் குழம்பை இரண்டு மடங்கு ஆக்கினாள், பக்கத்து வீட்டு டோர்ட்டியா ரொட்டி எல்லாம் நம் மேசைக்கு வந்தன. எல்லாரும் பின்பக்கம் ஆலமோ மர நிழலில் தட்டும் கையுமாக. வாசலில் புனிதர் தனியாக.

நான் மூன்றாவது கரண்டி போசோலேயில் இருந்தேன். அப்போது கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிற சத்தம், முதலில் சருகைத் தள்ளுகிற சரசரப்பு, பிறகு மண் உறிஞ்சுகிற சப்தம். பதினோரு வருடம் இந்தச் சத்தத்துக்குத் தூக்கத்தில் எழுந்தவன் நான். தட்டோடு ஓடினேன். வேலியோரம் பழைய புல்லுக்குப் பாய்ந்த கிளை வாய்க்கால் இருக்கிறதே, அதில் சருகும் ஒரு சோடா டப்பாவும் முன்னால் மிதந்து வர, பின்னாலேயே தண்ணீர் முழு அகலத்துக்கு வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு டீச்சர் முறை. தன் முறையைத் தியாகம் பண்ணி, புனிதர் சாட்சியாக, அந்தக் காய்ந்த வாசலை ரகசியமாக நனைத்து எனக்கு ஒரு சந்தோஷம் கொடுக்க வேண்டும் என்று டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. மதகுதான் சத்தமே போடாதே, நான்தான் எண்ணெய் போட்டேனே. மேலே போய் மதகை மூடலாம் என்றால் இருநூறு அடி தூரம், அதற்குள் கிளையில் இருக்கிற தண்ணீர் முழுக்க உன் சரளைக்குள் வந்துவிடும். வாசலுக்குள் திறக்கிற மடை வாயை அடைக்க வேண்டும், மண்வெட்டி கோவிலில். கையில் ஒரு தட்டு போசோலே. தண்ணீர் மடைக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது.

உட்கார்ந்துவிட்டேன், மகளே. மடை வாயில், கல்யாணக் கோட்டோடு. கடவுள் எனக்கு இந்த உடம்பை எதற்குக் கொடுத்தார் என்று ஐம்பத்தெட்டு வருடமாகத் தெரியாமல் இருந்தது, அன்றைக்குத் தெரிந்தது, அளவெடுத்த மாதிரி பொருந்தியது. மலையில் பனி குறைவு என்று எழுதினேன் அல்லவா, இருக்கிற பனி எவ்வளவு குளிர் என்பது இடுப்புக்குக் கீழே உடனே தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கசிந்தது, கோட்டு வாலைச் சுருட்டி ஒரு பக்கம் செருகினேன். டோர்ட்டியாவை மறு பக்கம் செருகினேன், உன் அம்மாவிடம் சொல்லாதே. தண்ணீர் முதுகுக்குப் பின்னால் தேங்கி, ஏறி, கரை தாழ்ந்த இடத்தில் வழிந்து வேலிக்கு அந்தப் பக்கம் போனது. எங்கே போயிருக்கும் என்று நீயே சொல். குதிரைமசாலுக்குத்தான்.

எனக்கு எதிரே முகத்துக்கு நேராக ஒரு குடுவைப்பூ, அதற்குள் ஒரு குண்டுத் தேனீ, அதன் பின்பக்கம் வெளியே. இரண்டு பேரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் இருந்தோம். அதற்குள் ஊர் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. நாற்பது பேர், பாதிரியார், புனிதர். டீச்சர் முன்னால் வந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எலோய், எழுந்திரு. ஜன்னி வந்துரும்.”

“மாட்டேன் டீச்சர்.”

நாலாம் வகுப்பில் இருந்து இன்று வரை அவரிடம் நான் சொன்ன முதல் மாட்டேன். “இதுக்குத் தண்ணி ஊத்தாதேன்னு எம் மக சொல்லிட்டுப் போயிருக்கா. ஊத்துனா வேர் அழுகிச் செத்துரும். நான் தண்ணிய விக்கவும் இல்லை, தியாகம் பண்ணவும் இல்லை. செடிக்கு வேண்டாம், அவ்வளவுதான்” என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது மிளகாய்க் குழம்பு என்று இப்போதும் சொல்கிறேன்.

புரொகோபியோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான், தேங்கின தண்ணீரைப் பார்த்தான், வேலிக்கு மேலாக, அது வழிந்து போய்க்கொண்டிருந்த தன் வயலையும் பார்த்தான். ரொம்ப நேரம் யோசித்தான், அவன் யோசித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னான். “வித்தவனா இருந்தா இந்நேரம் மடையத் தொறந்து விட்டு, பாருங்கடா என் தண்ணியன்னு காட்டியிருப்பான். இந்தக் கிறுக்கன் குண்டிய வெச்சு அடைக்கிறான்.” பாதிரியார் வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தார். புரொகோபியோ வேலியைத் தாண்டிப் போய்த் தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து, எனக்குப் பின்னால் நாலு வெட்டு மண்ணைப் போட்டு மடையை அடைத்தான். அவன் கையை நீட்டினான், நான் பிடித்து எழுந்தேன், கோட்டு எழவில்லை, பின்தையல் முழுக்க அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கதையை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள், என் வாயால் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல் நடந்தது. புரொகோபியோ புதுச் சட்டையோடு எழுந்தான், நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். “கள்ளன்னு நெனச்சேன், கிறுக்கன்தான். கள்ளன் கையில தண்ணியக் குடுக்க முடியாது, கிறுக்கன் கையில குடுக்கலாம், அவன் வீட்டுக்கே விட மாட்டான்” என்று சொல்லிவிட்டு என் பெயரைச் சொன்னான். பதினேழு கை. எதிராக நாலு, அதில் ஒன்று உன் அம்மாவுடையது. கல்யாணக் கோட்டுக்காகவா, நாற்பது பேர் சாப்பாட்டுக்காகவா என்று கேட்டேன். டோர்ட்டியாவுக்காக என்றாள். எப்படித்தான் தெரிந்துகொள்கிறாளோ.

இப்போது வந்திருப்பது வேறு தலைவலி. ஊரில் எல்லாருக்கும் குடுவைப்பூ விதை வேண்டும். டீச்சர்தான் முதல் ஆள். காய் முற்றட்டும், விதை தருகிறேன், இலையுதிர் காலத்தில் சரளையில் தூவுங்கள், பனி அதன் மேல் கிடக்கட்டும், முளைத்து வேர் பிடித்த பிறகு தண்ணீர் பக்கமே போகாதீர்கள், எரு கூடவே கூடாது என்று விவரமாகச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். நேற்று அந்தப் பக்கம் போனால் ஆட்டு எருவைக் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் புதுக் குழாய். புரொகோபியோ தனக்கு இரண்டு வரிசை வேண்டும் என்கிறான், குதிரைமசாலுக்கு நடுவில் நட்டால் தண்ணீர் தானாகப் பாய்ந்துவிடுமாம், தனியாக மெனக்கெட வேண்டாமாம். நான் எத்தனை மடையில் போய் உட்கார முடியும்? இவர்களுக்கு நீயே ஒரு கடிதம் எழுது, சிவப்பு மையில், அடிக்கோடு போட்டு.

சரி, நீ கேட்கப் போகிற கணக்கு. இருபத்து மூன்றில் பூத்தது பத்தொன்பது. பூக்காமல் இலையோடு நன்றாக இருப்பது மூன்று. செத்தது ஒன்று, படியோரத்துச் சின்னது. அன்றைக்கு வந்த தண்ணீர் மடையோரத்தில் இரண்டு செடியின் காலை நனைத்தது, அவை பிழைத்துவிட்டன. இது நனையவே இல்லை, மேட்டில் அல்லவா இருந்தது. போன வாரம் மெல்லப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் கருத்து, குழைந்த பீன்ஸ் மாதிரி விரலோடு வந்துவிட்டது. உன் அம்மா சொன்னாள், வெள்ளத்தில் போச்சுன்னு எழுதிடுங்க, டீச்சர் மேல பழி போகட்டும், அவங்க தாங்குவாங்க என்று. எழுதியும் விட்டேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். ஏப்ரல் மாதத்தில் இருந்து, தினமும் காலையில், என் காபியைக் குடித்து முடித்ததும், அந்தக் கோப்பையில் ஒரே ஒரு கோப்பை தண்ணீர் அதற்கு ஊற்றினேன். ஒரு கோப்பைதான். மற்ற இருபத்திரண்டைத் தொடவில்லை, சத்தியம். அது மட்டும் ரொம்பச் சின்னதாக இருந்தது மார்செலா, நீயும் இல்லை, எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை.

சான் இசித்ரோ உன் தலைக்கு மேல் மழையைக் கொஞ்சம் குறைக்கட்டும், எங்கள் தலைக்கு மேல் கொஞ்சம் கூட்டட்டும், கன்னி மாதா உன் காலடியைப் பார்த்துக்கொள்ளட்டும், உன் அம்மாவின் மெழுகுவத்தி இரண்டும் அணையாமல் எரியட்டும். காலுறை ஈரமானால் உடனே மாற்று, ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காதே, கரடியோடு வாதாடாதே, நீ யாரோடும் வாதாடுகிறவள். விதைக் காய் வெடிக்கிற நேரத்துக்கு ஒரு வாரமாவது வரப் பார், அந்த வெள்ளை வண்டிப் பையன் வருவதானால் முதலில் காபிக்கு வரச் சொல். அப்புறம், போன தடவை நீ எழுதியிருந்தாய், அப்பா இனிமேல் எதுவும் அனுப்பாதீங்க, இங்க எனக்கு எல்லாம் கிடைக்குது, பெட்டி வைக்க இடமில்லை என்று. படித்தேன், புரிந்தது, இனிமேல் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும், அதில் மிளகாய்ப் பொடி இருக்கிறது, ஒரே ஒரு கோப்பைதான்.

அன்புடன் உன் அப்பா,
எலோய் மாயெஸ்தாஸ்
வாய்க்கால் மணியக்காரன், இந்த வருடமும்